பெட்டி போகட்டும், நம்பர் இருக்கட்டும்

வாசகர் கேள்வி: பதினான்கு வருடங்களுக்கு முன் ஒரு இணைய போன் சேவையில் சேர்ந்தோம். ரவுட்டரோடு ஒரு சின்னப் பெட்டியை இணைத்து, அதில் சாதாரண மேசை போனைச் செருகிக்கொள்ளும் வகை. அண்ணன் வெளிநாடு போன புதிதில் அவரோடு மணிக்கணக்கில் பேச அதுதான் கை கொடுத்தது. இப்போது எல்லோரிடமும் வாட்ஸ்ஆப் இருக்கிறது. அந்த போனைத் தொடுவது அப்பா மட்டும்தான். அவருக்கு 79 வயது, காது கொஞ்சம் மந்தம், தொடுதிரை பிடிபடவில்லை. ஆறு மாதம் முன் ரவுட்டரை மாற்றினோம். அதிலிருந்து, வெளியிலிருந்து யாராவது கூப்பிட்டால் சில சமயம் மணியே அடிப்பதில்லை. ரவுட்டரை அணைத்துப் போட்டால் கொஞ்ச நேரம் சரியாக இருக்கிறது. மாலை நேரங்களில் குரல் விட்டு விட்டு வருகிறது. மூன்று வருடச் சந்தாவை மொத்தமாகக் கட்டினால் தள்ளுபடி என்று மின்னஞ்சல் வந்திருக்கிறது. அண்ணன், 'இந்தக் காலத்தில் இதை எவன் வைத்திருக்கிறான், தூக்கிப் போடு' என்கிறார். அப்பாவோ, 'அந்த நம்பர்தான் எல்லாரிடமும் இருக்கிறது' என்கிறார். என்ன செய்யலாம்?

பதில்:

உங்கள் அப்பா சொன்ன ஒரு வரியில்தான் விஷயமே இருக்கிறது. அண்ணன் சொல்வதும் தப்பில்லை. ஆனால் அவர் பேசுவது சேவையைப் பற்றி, அப்பா பேசுவது நம்பரைப் பற்றி. இரண்டும் ஒரே பில்லில் வருவதால் ஒன்றாகத் தெரிகின்றன.

சேவையை முதலில் பார்ப்போம். மலிவாகப் பேசலாம் என்பதற்காக இதை வைத்திருக்கத் தேவையில்லை, அந்தக் காலம் முடிந்துவிட்டது. 1995இல் வோக்கல்டெக் என்ற இஸ்ரேலிய நிறுவனம் கணினிக்குக் கணினி பேசும் மென்பொருளை விற்க ஆரம்பித்தபோது, ஒருவர் பேசி முடித்த பிறகுதான் மற்றவர் பேச முடியும், வாக்கி டாக்கி மாதிரி. அப்படியும் வாங்கினார்கள், ஏனென்றால் வெளிநாட்டுக் கால் என்றால் அவ்வளவு செலவு. இன்று அண்ணனோடு பேச உங்களுக்கு எந்தப் பெட்டியும் வேண்டாம்.

வாட்ஸ்ஆப் வந்த பிறகும் இந்தச் சேவைகளுக்கு ஒரு வேலை மிச்சம் இருக்கிறது. வாட்ஸ்ஆப்பில் பேச இரண்டு பக்கமும் அந்த ஆப் வேண்டும். மருத்துவமனை வரவேற்பு மேசை, வங்கியின் உதவி எண், ஆப் எதுவும் இல்லாத அப்பாவின் நண்பர் ஆகியோரைப் பிடிக்க உண்மையான தொலைபேசி எண்ணுக்குத்தான் கூப்பிட வேண்டும். அவர்கள் திரும்பக் கூப்பிடவும் உங்களிடம் ஒரு உண்மையான எண் இருக்க வேண்டும்.

அதனால் பணம் கட்டும் முன் ஒரு வேலை செய்யுங்கள். சேவையின் இணையதளத்தில் உங்கள் கணக்குக்குள் போனால் கால் பட்டியல் இருக்கும். கடைசி மூன்று மாதத்தை எடுத்து, உள்ளே வந்த கால்களை மட்டும் பாருங்கள். அப்பாவைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு ஒவ்வொரு நம்பரும் யாருடையது என்று கேளுங்கள். எனக்குத் தெரிந்த வீடுகளில் இப்படிப் பார்த்தால் பெரும்பாலும் கடன் வேண்டுமா, காப்பீடு வேண்டுமா வகைதான் பட்டியலை நிறைத்திருக்கும். நடுவில் பத்துப் பன்னிரண்டு நம்பர்கள் மட்டும் மனிதர்களுடையதாக இருக்கும். அந்தப் பத்துப் பேரும் ஒரே அழைப்பில் புது நம்பரைக் குறித்துக்கொள்ளக் கூடியவர்களா, இல்லை அப்பாவைப் போலவே பழைய டைரியைப் புரட்டி நம்பர் அடிப்பவர்களா? இரண்டாவது வகை என்றால் அந்த நம்பரைக் காப்பாற்றியாக வேண்டும்.

பட்டியலில் வராத ஒரு கூட்டமும் உண்டு. வருடத்துக்கு ஒரு தடவை, ஒரு நல்லது கெட்டதுக்கு மட்டும் கூப்பிடுகிறவர்கள். மூன்று மாதப் பட்டியல் காலியாக இருந்தால்கூட நான் உடனே நிறுத்தச் சொல்ல மாட்டேன். அதே நம்பரை வேறு நிறுவனத்துக்கு மாற்றி, வருகிற கால்கள் உங்கள் மொபைலுக்குத் திரும்பும்படி வைத்து, ஒரு வருடம் பார்க்கச் சொல்வேன்.

இதை அடித்துச் சொல்லக் காரணம் என் சொந்த அனுபவம். பதினைந்து வருடமாக அலுவலகங்களுக்கு இணைய போன் மாட்டிக் கொடுப்பதுதான் என் தொழில். அப்படிப்பட்ட நானே என் வீட்டுக் கணக்கில் கோட்டை விட்டேன். ஒரு பழைய சேவையை நிறுத்த முடிவு செய்து, முதலில் சந்தாவை ரத்து செய்துவிட்டு, அடுத்த வாரம் நம்பரைப் புது நிறுவனத்துக்கு மாற்றக் கேட்டேன். 'கணக்கு செயலில் இல்லை, மாற்ற முடியாது' என்று பதில் வந்தது. அவ்வளவுதான், நம்பர் போயே போய்விட்டது. சில மாதம் 'இந்த எண் உபயோகத்தில் இல்லை' என்ற பதிவுக் குரல் வந்தது. அப்புறம் ஒரு நாள் அம்மாவின் பழைய தோழி கூப்பிட்டிருக்கிறார், யாரோ ஒரு முன்பின் தெரியாதவர் எடுத்திருக்கிறார். அந்த அம்மாள் பதறிப்போய், தெரிந்தவர்கள் நாலு பேரிடம் விசாரித்து எங்களைக் கண்டுபிடித்தார். ரத்தான நம்பரை நிறுவனங்கள் கொஞ்ச நாள் சும்மா வைத்திருந்துவிட்டு வேறு ஒருவருக்குக் கொடுத்துவிடும் என்பது எனக்குத் தெரியாததா? தெரிந்தும் வரிசை மாறிப் போயிற்று.

அந்த வரிசையை உங்களுக்கு எழுதி வைக்கிறேன். நம்பரை ஏற்றுக்கொள்ளும் புது நிறுவனத்தை முதலில் பிடியுங்கள். விண்ணப்பம் அவர்கள் வழியாகத்தான் போக வேண்டும். விண்ணப்பித்த பிறகு பழைய கணக்கில் கை வைக்காதீர்கள், திட்டத்தைக்கூட மாற்றாதீர்கள். கடைசி பில், கணக்கு எண், நம்பரை மாற்றச் சில நிறுவனங்கள் கேட்கும் ரகசிய எண் (PIN) ஆகியவற்றை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பெயரும் முகவரியும் பழைய கணக்கில் எப்படி இருக்கிறதோ எழுத்துப் பிசகாமல் அப்படியே விண்ணப்பத்தில் இருக்க வேண்டும். பதினான்கு வருடத்தில் வீடு மாறியிருந்து கணக்கில் பழைய முகவரியே இருந்தால், முதலில் அதைச் சரிசெய்துவிட்டு விண்ணப்பியுங்கள். நான் பார்த்த நிராகரிப்புகளில் பாதிக்கு மேல் இந்த மாதிரி முதலெழுத்து, கதவு எண் தகராறுதான். நம்பர் புது இடத்தில் மணி அடிப்பதைக் காதால் கேட்ட பிறகு பழைய கணக்கை மூடுங்கள். தானாகப் பணம் பிடிக்கும் ஏற்பாடு இருந்தால் அது நின்றதா என்று அடுத்த மாதம் பாருங்கள். இணைய போன் நம்பரை வேறு நிறுவனத்துக்கு மாற்றிக்கொள்வதற்கான விதி நாட்டுக்கு நாடு வேறு. சில இடங்களில் அனுமதியே கிடையாது. எனவே உங்கள் நம்பரை அப்படியே கொண்டுவர முடியுமா என்ற கேள்விதான் புது நிறுவனத்திடம் நீங்கள் கேட்கும் முதல் கேள்வியாக இருக்கட்டும்.

நம்பர் இடம் மாற வேண்டும் என்றால் பழைய நிறுவனம் உயிரோடு இருக்க வேண்டும். இதனால்தான் மூன்று வருடச் சந்தா வேண்டாம் என்கிறேன், தள்ளுபடி எவ்வளவு என்றாலும். அமெரிக்காவில் சன்ராக்கெட் என்று ஒரு நிறுவனம் இருந்தது. இணைய போனை மட்டுமே தொழிலாகச் செய்தவர்களில் வோனேஜுக்கு அடுத்த இடம் அதற்கு. வருடச் சந்தாவை மொத்தமாக வாங்கிக்கொள்வதுதான் அதன் பாணி. 2007 ஜூலையில் ஒரு நாள் கடையைச் சாத்திவிட்டது. இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட வாடிக்கையாளர்கள், முன்னறிவிப்பு கிடையாது. கட்டிய பணத்தை விடுங்கள், நம்பரை மீட்கவே பலர் அலைந்தார்கள்.

சின்ன நிறுவனம் என்பதால் அப்படி ஆயிற்று என்று நினைக்க வேண்டாம். ஸ்கைப் 2003இல் வந்தது. மைக்ரோசாஃப்ட் அதை 2011இல் 850 கோடி டாலருக்கு வாங்கியது. 2025 பிப்ரவரி இறுதியில் மூடப்போவதாக அறிவித்தார்கள், மே 5ஆம் தேதி மூடிவிட்டார்கள். இடையில் இருந்தது இரண்டு மாதமும் சில நாட்களும். ஆப்பிலிருந்து ஆப்புக்குப் பேசியவர்கள் வேறு ஒன்றுக்கு மாறிக்கொண்டார்கள். அதில் நம்பர் வாங்கி, விசிட்டிங் கார்டில் அச்சடித்து வைத்திருந்தவர்கள்தான் எங்கே போவது என்று தேட வேண்டியதாயிற்று.

உங்கள் நிறுவனம் எந்த நிலையில் இருக்கிறது என்பதை வெளியிலிருந்தே ஓரளவு மோப்பம் பிடிக்கலாம். அவர்களது ஆப் கடைசியாக எப்போது புதுப்பிக்கப்பட்டது என்று பாருங்கள். உங்கள் பெட்டியின் மாடல் இன்னும் விற்பனையில் இருக்கிறதா என்று பாருங்கள். உதவி மையத்துக்கு ஒரு கேள்வி அனுப்பி, மனிதர் பதில் எழுதுகிறாரா என்று பாருங்கள். நிறுவனம் கைமாறியிருந்தால் வாங்கியவருக்கு எதில் ஆர்வம் என்பதைக் கவனியுங்கள். வோனேஜை 2022இல் எரிக்சன் வாங்கியபோது அவர்கள் கண் வைத்தது நிறுவனங்களுக்கான மென்பொருள் வணிகத்தின் மேல், வீட்டு போன் மேல் அல்ல. இன்னொன்று, மூன்று வருடப் பணத்தை முன்கூட்டியே கேட்பது கெட்ட எண்ணம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அது எனக்கு நல்ல அறிகுறியாகவும் படவில்லை. மாதாமாதம் கட்டும் திட்டத்துக்கு மாறிக்கொள்ளுங்கள். கொஞ்சம் கூடுதலாக ஆகும், ஆகட்டும்.

சரி, இப்போது மணி அடிக்காத சங்கதி. இதில் சேவையின் மேல் குற்றம் இல்லை என்றுதான் நினைக்கிறேன். ரவுட்டர் மாறியதிலிருந்து ஆரம்பித்தது, ரவுட்டரை அணைத்துப் போட்டால் சரியாகிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். உங்கள் பெட்டி அவ்வப்போது நிறுவனத்தின் சர்வரைக் கூப்பிட்டு 'நான் இங்கே இருக்கிறேன்' என்று சொல்லிவிட்டு வரும். அந்தச் சமயத்தில் ரவுட்டர் வாசல் காவலாளி மாதிரி ஒரு குறிப்பு எழுதிக்கொள்ளும்: இந்த முகவரியிலிருந்து யாராவது வந்தால் அந்தப் பெட்டியிடம் அனுப்பு. சில ரவுட்டர்கள் அரை நிமிடம், ஒரு நிமிடத்திலேயே அந்தக் குறிப்பைக் கிழித்துப் போட்டுவிடும். அப்புறம் கால் வந்தால் காவலாளி 'அப்படி யாரும் இங்கே இல்லையே' என்று திருப்பி அனுப்பிவிடுவார். கூப்பிட்டவருக்கு மணி அடிப்பது போலக்கூடக் கேட்கும், அப்பா பக்கம் மூச்சே இருக்காது. ரவுட்டரை அணைத்துப் போட்டதும் பெட்டி மறுபடி வணக்கம் சொல்லும், குறிப்பு மறுபடி எழுதப்படும், கொஞ்ச நேரம் எல்லாம் நன்றாக இருக்கும்.

ரவுட்டரின் அமைப்புப் பக்கத்தில் எஸ்.ஐ.பி. ஏ.எல்.ஜி. என்று ஒன்று இருக்கிறதா என்று தேடுங்கள். இருந்தால் அணைத்துவிடுங்கள். இணைய போனுக்கு உதவுகிறேன் பேர்வழி என்று உள்ளே நுழைந்து, பெட்டி அனுப்பும் செய்தியிலுள்ள முகவரிகளைத் திருத்தும் வசதி அது. நல்லது செய்ததை நான் பார்த்தது குறைவு. ஒரு பக்கம் மட்டும் குரல் கேட்பது, கால் பாதியில் அறுவது, மணி அடிக்காதது என்று வரும் புகார்களுக்கு நான் முதலில் தேடுவது இதைத்தான். அதற்கும் சரியாகவில்லை என்றால் பெட்டியின் அமைப்பில் கீப் அலைவ் என்பதை 20 விநாடிக்கு ஒரு முறை என்று வைக்கச் சொல்லுங்கள். காவலாளி குறிப்பைக் கிழிக்கும் முன் பெட்டி மறுபடி தலையைக் காட்டிவிடும். பெட்டி நிறுவனத்தின் பூட்டுக்குள் இருந்தால் இதை அவர்கள்தான் செய்ய முடியும்.

மாலையில் குரல் அறுவதற்கு இணைய வேகத்தைக் கூட்ட வேண்டாம். குரலுக்குத் தேவைப்படுவது ரொம்பக் குறைவு. பழைய பெட்டிகள் பெரும்பாலும் பயன்படுத்தும் ஜி.711 முறையில் விநாடிக்கு 8000 முறை குரலை அளந்து 64 கிலோபிட்டாக அனுப்புவார்கள். விநாடிக்கு ஐம்பது பொட்டலமாகக் கட்டி, ஒவ்வொன்றிலும் முகவரிச் சீட்டு ஒட்டி, எல்லாம் சேர்ந்து ஒரு திசைக்கு 90 கிலோபிட்டுக்குள் முடிந்துவிடும். பொட்டலங்கள் நேரத்துக்கு வந்து சேர்வதில்தான் சிக்கல். மாலையில் வீட்டில் யாரோ வீடியோவை மேலேற்றுகிறார்கள், அல்லது போன்கள் வைஃபை கிடைத்ததும் படங்களையெல்லாம் கிளவுடுக்கு அனுப்புகின்றன. அப்பாவின் குரல் அந்த வரிசையின் பின்னால் மாட்டிக்கொள்கிறது. ஒரு பக்கத் தாமதம் 150 மில்லிவிநாடிக்குள் இருந்தால் பேச்சு இயல்பாக இருக்கும் என்பது சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் பரிந்துரை. அதைத் தாண்டத் தாண்ட இருவரும் ஒரே நேரத்தில் பேசி முட்டிக்கொள்வார்கள். ரவுட்டரில் கியூ.ஓ.எஸ். என்ற முன்னுரிமை வசதி இருந்தால் இந்தப் பெட்டிக்கு முதலிடம் கொடுங்கள். பெட்டி கேபிளில் இணைந்திருக்கட்டும், வைஃபையில் வேண்டாம்.

அப்பாவின் காதைப் பற்றிச் சொன்னீர்கள். மேசை போனில் 3400 ஹெர்ட்ஸுக்கு மேற்பட்ட ஒலி வராது. ஸ், ஷ் மாதிரியான எழுத்துகளின் கூர்மை அதற்கு மேலேதான் இருக்கிறது. வாட்ஸ்ஆப் போன்ற ஆப்களில் குரல் இன்னும் அகலமாக வரும். அதனால் தொழில்நுட்பப்படி பார்த்தால் ஆப்தான் அவருக்குத் தெளிவாகக் கேட்க வேண்டும். ஆனால் நடப்பது வேறு. ரிசீவர் காதோடு படிந்து உட்காரும், கனமாக இருக்கும், எடுத்தால் பேச்சு, வைத்தால் முடிந்தது. மொபைலைக் காதில் வைத்துக் கன்னத்தாலேயே காலைத் துண்டித்துவிடும் பெரியவர்கள் எத்தனை பேர்! அந்தக் கருவியை அவரிடமிருந்து பிடுங்காதீர்கள். அதன் பின்னால் இருப்பதை மட்டும் மாற்றுங்கள். உங்கள் ஃபைபர் இணைப்புப் பெட்டியின் பின்புறம் போன் செருகும் துளை இருக்கிறதா பாருங்கள். இருந்தால் இணைய நிறுவனமே குரல் சேவை தரக்கூடும், நம்பரை அங்கேயே மாற்றிவிடலாம். அது இல்லையென்றால், நம்பரை ஒரு மொபைல் சிம்முக்கு மாற்ற உங்கள் ஊர் விதி இடம் கொடுத்தால், மொபைலையும் மேசை போனையும் புளூடூத் வழியாகச் சேர்க்கும் சின்னப் பெட்டிகள் கிடைக்கின்றன. மொபைலுக்கு வரும் கால் மேசை போனில் மணி அடிக்கும், அப்பா வழக்கம்போல எடுத்துப் பேசலாம்.

சேவையை எத்தனை நாள் வைத்திருந்தாலும் ஒன்றை இந்த வாரமே செய்துவிடுங்கள். மின்சாரம் போனால் ரவுட்டரும் பெட்டியும் அணைந்துவிடும், அந்த போன் வெறும் பிளாஸ்டிக். பழைய செம்புக்கம்பி லேண்ட்லைன் எக்ஸ்சேஞ்சிலிருந்தே மின்சாரம் வாங்கிக்கொண்டு இருட்டிலும் வேலை செய்ததால், வயதானவர்கள் இதையும் அப்படியே நம்புவார்கள். அவசர எண்ணுக்குக் கூப்பிட்டால் பல சேவைகள் காட்டுவது கணக்கில் எழுதியிருக்கும் முகவரியைத்தான், அந்த நேரத்தில் போன் இருக்கும் இடத்தை அல்ல. சில சேவைகளில் அவசர எண்ணே போகாது. கணக்கில் இப்போதைய முகவரி இருக்கட்டும், ரவுட்டருக்கும் பெட்டிக்கும் சேர்த்து ஒரு சின்ன யூபிஎஸ் வையுங்கள், அப்பாவின் படுக்கை அருகே பொத்தான் வைத்த சாதாரண மொபைல் ஒன்று சார்ஜில் கிடக்கட்டும்.

வங்கிக் கணக்கு, மின்னஞ்சல் எதிலாவது இந்த நம்பர் பதிவாகி இருக்கிறதா என்றும் பாருங்கள். ஓடிபி குறுஞ்செய்தி இணைய போன் நம்பருக்குப் பல சமயம் வருவதே இல்லை. வந்தாலும் ஆபத்துதான், என் கதையில் வந்த அந்த முன்பின் தெரியாதவர் கையில் நாளைக்கு உங்கள் ஓடிபி போய்ச் சேரலாம். பெட்டியின் கடவுச்சொல் வாங்கியபோது இருந்ததாகவே இருந்தால் அதையும் மாற்றுங்கள். திருடிய கணக்கிலிருந்து இரவோடு இரவாக வெளிநாட்டுக் கட்டண எண்களுக்குக் கூப்பிட்டுத் தள்ளுவது இந்தத் துறையின் பழைய மோசடி. அப்பா வெளிநாட்டுக்குக் கூப்பிடுவதில்லை என்றால் அந்த வசதியையே அடைத்துவிடச் சொல்லுங்கள்.

ஆக, மின்னஞ்சலில் வந்த தள்ளுபடியை விட்டுவிடுங்கள், மாதச் சந்தாவில் இரண்டு மூன்று மாதம் ஓட்டுங்கள், அதற்குள் நம்பரை இடம் மாற்றுங்கள். அதுவரை அப்பாவுக்கு மணி அடிக்க வேண்டுமே, ரவுட்டர் வேலையை இன்றே செய்யுங்கள். செய்தவுடன் கூப்பிட்டுப் பார்த்தால் எதுவும் தெரியாது, அப்போதுதான் குறிப்பு புதிதாக எழுதப்பட்டிருக்கும். யாரும் போனைத் தொடாமல் அரை மணி நேரம் விட்டு, வெளியே போய் உங்கள் மொபைலிலிருந்து கூப்பிடுங்கள். அப்பாவிடம் முன்கூட்டிச் சொல்லி வைக்காதீர்கள், அவர் மணி கேட்டு எடுக்கட்டும்.